வட்டுக்கோட்டையிலிருந்து அமெரிக்காவைப் படித்தல்

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க வரலாறு படிக்கப் புகும் மாணவருக்கு முதலில் எந்த நூலைக் கொடுப்பது? வாஷிங்டனில் தொடங்கி லிங்கனில் இளைப்பாறும் பொதுவரலாறுகள் பல உண்டு. அவற்றைப் பிறகு படிக்கலாம். முதலில் கொடுக்க வேண்டியது, பொஸ்டனில் வெளியான ‘மிஷனரி ஹெரால்ட்’ என்ற மாத இதழின் பழைய தொகுதிகளே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1810 இல் நிறுவப்பட்ட அமெரிக்க மிஷன் போர்டு அனுப்பிய ஆட்கள் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டு போர்டு அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கியரின் நாட்டில் வேலை தொடங்கியது. ஹெரால்ட் இரண்டு இடத்துச் செய்திகளையும் தாங்கி வந்தது. இலங்கைப் பக்கங்களை மட்டும் வெட்டியெடுத்து யாழ்ப்பாணக் கல்வி வரலாறு எழுதும் பழக்கம் நம்மவரிடம் வேரூன்றிவிட்டது. அடுத்த பக்கத்தில் செரோக்கியர் இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இழப்பு சிறிதன்று. 1828 இல் செரோக்கி நாட்டு நியூ எகோட்டாவில் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ இதழ் ஆங்கிலத்திலும் செரோக்கியிலும் வந்தது. 1841 இல் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. முன்னதன் ஆசிரியர் எலியாஸ் பூடினோ, தமக்கு உதவிய அமெரிக்கர் ஒருவரின் பெயரைச் சூடிய செரோக்கியர். பின்னதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் யாழ்ப்பாணத் தமிழர். கரல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என நம் ஊர்ப் பெயர்களுக்கு முன்னால் ஒட்டியிருப்பவையும் இவ்வகையே. அவற்றை வெறும் ஞானஸ்நானப் பெயர்களாக எண்ணிக் கடந்துவிடுகிறோம்.

எவார்ட்ஸ் கனகசபைப்பிள்ளை என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஜெரமையா எவார்ட்ஸ் 1821 முதல் 1831 இல் இறக்கும்வரை போர்டின் செயலாளர். செரோக்கியரை அவர்தம் நிலத்திலிருந்து அகற்றும் திட்டத்தை 1829 இல் ‘வில்லியம் பென்’ என்ற புனைபெயரில் கட்டுரைத் தொடர் எழுதி எதிர்த்தவர். ஆக, அமெரிக்க வரலாற்றின் மிகக் கசப்பான விவாதம் ஒன்று யாழ்ப்பாணத்துப் புலவர் ஒருவரின் பெயருக்குள் அடங்கிக் கிடக்கிறது.

யாழ்ப்பாணத்தையும் செரோக்கி நாட்டையும் சமன் செய்துவிடக் கூடாது. செரோக்கியர் வாழ்ந்த ஜோர்ஜியாவில் பொன் கிடைத்தது; யாழ்ப்பாணத்துப் பனங்காணிகளில் பொஸ்டன்காரருக்கு ஆசை இருக்கவில்லை. இங்கே மிஷனுக்குத் தடை பிரித்தானிய ஆட்சியிடமிருந்து வந்தது. 1820 இல் வந்த அச்சாளர் ஜேம்ஸ் காரெட் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். 1823 இல் வட்டுக்கோட்டையில் கல்லூரியாகத் திட்டமிடப்பட்டது ‘செமினரி’யாகவே நின்றது. செரோக்கியருக்கு நேர்ந்ததோ வேறு. ஃபீனிக்ஸின் அச்சியந்திரம் 1835 இல் பறிமுதலாயிற்று. 1838-39 இல் நடந்த கட்டாய இடப்பெயர்ப்பில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பது பரவலான மதிப்பீடு.

ஹெரால்டை நம்பிப் படிக்கவும் கூடாது. நன்கொடையாளரின் பணப்பையைத் திறக்க எழுதப்பட்டது அது. தமிழரின் இருள் கூடக் கூட டொலரும் கூடும். எதிர்ச்சாட்சியாக, உள்ளூர்க்காரர் எழுதிய நூல்களை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஆர்னல்டின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ (1886), ஜே. வி. செல்லையாவின் ‘ஆங்கிலக் கல்வியின் ஒரு நூற்றாண்டு’ (1922).

இலக்கியத்துக்கும் இவ்வழி பொருந்தும். செமினரியின் முதல் அதிபர் டானியல் பூர் பிறந்த டான்வர்ஸ், 1692 இல் சூனியக்காரர் விசாரணைகள் மூண்ட பழைய சேலம் கிராமமே. பக்கத்துச் சேலம் பட்டினத்தில் 1804 இல் பிறந்தவர் நதானியல் ஹாதோர்ன். பாவத்தை ஊரறிய விசாரிக்கும் சபையைப் பற்றி அவர் நாவல் எழுதினார். அதே மரபில் வந்த சபை தெல்லிப்பழையிலும் உடுவிலிலும் மாணவரின் மனமாற்றத்தைச் சோதித்துக்கொண்டிருந்தது. எமர்சனையும் வெறும் தத்துவஞானியாகத் தொடங்க வேண்டாம். செரோக்கியரை அகற்றாதீர் என்று 1838 இல் ஜனாதிபதி வான் பியூரனுக்கு அவர் எழுதிய கடிதத்திலிருந்து தொடங்கலாம்.

ஒரே ஒரு தொகுதிதான் கையில் கிடைக்குமென்றால் 1832 ஆம் ஆண்டினது நல்லது. அவ்வாண்டு பூர் வட்டுக்கோட்டையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். செரோக்கியரிடையே பணியாற்றிய அதே போர்டின் ஊழியர் சாமுவேல் வூஸ்டர், உச்ச நீதிமன்றம் தமக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த பின்னும், ஜோர்ஜியாச் சிறையில் இருந்தார்.