எழுதப்படாத பட்டியல்

உணவுப் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்கி உண்பது இன்று தனித்த ரசனையாகப் பேசப்படுகிறது. அச்சிட்ட பட்டியல் பரவலாவதற்கு முன் நம் உணவகங்களில் எல்லாமே வாய்மொழிதான். பரிமாறுபவர் பலகாரங்களை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். உண்பவர் ‘முறுகலாக’, ‘நெய் தூக்கலாக’ எனத் தம் விருப்பத்தைச் சேர்த்துச் சொல்வார்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரத் தேநீர்க் கடைகளில் இம்மரபு இன்றும் உயிர்ப்புடன் இருக்கிறது. விலைப்பலகையில் ‘சாயா’ என்று மட்டுமே இருக்கும். பாலில்லாதது ‘கட்டன்’, சர்க்கரையில்லாதது ‘வித்தவுட்’ என்பன பேச்சில்தான் உண்டு. நாள்தோறும் வருபவருக்கு ‘வழக்கம்போல’ என்ற ஒரு சொல்லே போதும். கேட்பவர் யார் என்பதைக் கடைக்காரர் அறிந்திருப்பதே அச்சொல்லுக்குப் பொருள் தருகிறது.

அதே அறிதலுக்கு மற்றொரு முகமும் உண்டு. யாருக்குக் கண்ணாடிக் குவளை, யாருக்குச் சிரட்டை என்பதும் எந்தப் பலகையிலும் எழுதப்பட்டதில்லை. அதுவும் ‘வழக்கம்’ என்றே சொல்லப்பட்டது. பொது உணவகங்களில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தீண்டாமையின் பெயரால் தடுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும், பாலக்காட்டு எல்லையில் முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பைச் சேர்ந்த சக்கிலியர் சமூகத்தினர், தேநீர்க் கடைகளில் தங்களுக்குத் தனிக் குவளை தரப்படுவதாக 2017இல் முறையிட்டனர். இடுக்கி எல்லையிலுள்ள வட்டவடையில் அதே சமூகத்தினருக்கு முடிதிருத்தகங்களில் இடம் மறுக்கப்பட்டதால், 2020இல் அனைவருக்குமான பொது முடிதிருத்தகம் ஒன்று திறக்கப்பட்டது.

இவ்விரு பகுதிகளிலும் தமிழ் பேசும் இம்மக்கள் மொழியாலும் சாதியாலும் இருமுறை ஓரத்தில் நிற்பவர்கள். ‘வழக்கம்போல’ என்ற சொல் ஒருவருக்கு உரிமையாகவும் மற்றவருக்கு விலக்காகவும் இருந்திருக்கிறது. அந்நியருக்கும் அயலாருக்கும் ஒரே பொருளை ஒரே விலைக்கு அறிவிக்கும் விலைப்பலகை, அவ்வகையில், சமத்துவத்தின் ஓர் ஆவணம்.

உணவக வரலாற்றை அச்சுப் பட்டியல்களைக் கொண்டு மட்டும் எழுதினால், பட்டியலுக்கு வெளியே கேட்டுப் பெற்றவர்களும் தெரியமாட்டார்கள். கேட்கவே இயலாமல் நின்றவர்களும் தெரியமாட்டார்கள். இருவருக்குமான சான்றுகள் வாய்மொழி நினைவுகளிலேயே உள்ளன. அவற்றைத் தொகுக்கும் பணி, நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இருக்கும்போதே நடந்தாக வேண்டும்.