மனாபேயின் வாளியும் முக்கொம்பு தண்ணியும்

முக்கொம்புல காவிரி ரெண்டாப் பிரியுது இல்லையா? கொள்ளிடம் பள்ளம். தண்ணி அந்தப் பக்கமே ஓடி, ஸ்ரீரங்கத்துக்குத் தெற்கே வர்ற காவிரி மணல் மேடிட்டுக்கிட்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் 1836ல ஆர்தர் காட்டன் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்ட ஆரம்பிச்சார். ஆக, டெல்டா மண்ணோட ஈரம் வானம் மட்டும் தந்தது இல்ல, அணையும் தந்தது.

கம்ப்யூட்டர்ல பருவநிலையைக் கணக்குப் போட்டவங்க இதை ரொம்ப நாள் சேர்த்துக்கல. 1969ல ஸ்யுகுரோ மனாபே (2021ல நோபல் வாங்கினாரே, அவரேதான்) நிலத்தை ஒரு வாளியா வச்சுக்கிட்டார். கொள்ளளவு 15 செ.மீ. மழை பெய்தா நிரம்பும், மிஞ்சினது வழிஞ்சு ஓடிடும், ஈரம் குறைஞ்சா ஆவியாகறதும் குறையும். அழகான யோசனை. ஆனா வாளிக்கு வாய்க்கால் கிடையாது! பாசனமெல்லாம் மாதிரிகளுக்குள்ள வந்தது ரொம்பப் பிற்பாடு.

1982ல நம்ம உத்தரப்பிரதேசத்துக்காரர் ஜகதீஷ் சுக்லாவும் யேல் மின்ட்ஸும் உலகத்து நிலத்தையெல்லாம் ஒரு தடவை முழு ஈரமாவும், ஒரு தடவை முழு வறட்சியாவும் வச்சு ஓட்டிப் பார்த்தாங்க. வறண்ட உலகத்துல பல கண்டங்கள்ல மழை படுத்துடுச்சு. இந்தியப் பக்கம் மட்டும் ஜூலை மழை அவ்வளவா அசரல. நிலத்துச் சூடு கடல் ஈரத்தை இழுத்துக்கிச்சாம்.

2004ல ராண்டல் கோஸ்டர் குழு 12 மாதிரிகளை ஒப்பிட்டப்போ, மண் ஈரம் மழையை நல்லா பாதிக்கிற இடங்கள்ல இந்தியாவும் வந்தது. ஆனா அது ஜூன்-ஆகஸ்ட் கணக்கு. திருச்சிக்கு முக்கிய மழை அக்டோபர்-டிசம்பர்ல, வங்கக்கடல்லேர்ந்து. மேட்டூர் தண்ணி அந்த மழைக்கு என்ன பண்ணுதுன்னு அந்த வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.