கரும்புத் தோட்டமும் தங்கச் சுரங்கமும்

மகாகவி பாரதியாரைத் தேசியக் கவி என்றும் பெண் விடுதலைக் கவி என்றும் போற்றுகிறோம். ஆனால் தங்கவயலில் வாழும் நாம் அவரை நம் உறவினராகவே கருதுவதற்குத் தனியொரு காரணம் உண்டு.

ஆங்கிலேயர் ஆண்ட பிஜித் தீவுகளில் கரும்பு பயிரிட, 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது அரசு வகுத்த கணக்கு. ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. வெள்ளைக் கண்காணிகளின் கொடுமையிலிருந்து அப்பெண்களைக் காப்பார் எவருமிலர்.

புதுவையில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார் பிஜியைக் கண்ணாற் கண்டவர் அல்லர். எனினும் அப்பெண்களுக்காக உருகிப் பாடினார். அவர்கள் என்ன குலம் என்று வினவினாரல்லர். இன ஆணவம், பெண்ணடிமை, வறுமை ஆகிய மூன்று சுமைகளும் ஒருத்தியின் தோளிலேயே ஏறியதை உணர்ந்தார்.

அவருடைய சமத்துவம் ஏட்டளவில் நின்றதன்று. 1905இல் 'சக்கரவர்த்தினி' என்னும் மாதர் இதழுக்கு ஆசிரியரானார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த அவரே, அயர்லாந்தில் பிறந்த நிவேதிதா அம்மையாரைக் குருவாகக் கொண்டு, 1908இல் தம் 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அவருக்குக் காணிக்கையாக்கினார். 1913இல் ஆதிதிராவிட இளைஞர் கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தார்.

பூணூல் தந்து உயர்த்துவதினும் பூணூலே வேண்டா என்பதன்றோ சமத்துவம் எனக் கேட்போரும் நம்மிடை உண்டு. அக்கேள்வியும் நம் மண்ணுக்கு உரியதே. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், 1926இல் ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்ததை நாம் மறத்தலாகாது.

பிஜிக்குச் சென்ற தமிழருள் பலர் வடாற்காட்டார். நம் முன்னோருள் மிகப் பலரும் அவ்வடாற்காட்டினின்று வந்தோரே. ஒரே மண்ணின் வறுமை ஒருவரைக் கடலுக்கு அப்பாலும் மற்றொருவரைப் பாதாளத்துக்கும் அனுப்பியது. ஜான் டெய்லர் கம்பெனியார் காலத்தில் வெள்ளையருக்குப் பங்களாவும் நம்மவருக்குத் தட்டி வீடும் என்றிருந்த வேற்றுமையைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே கரும்புத் தோட்டத்துப் பெண் நமக்கு அயலாள் அல்லள்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத்தில் இறங்கிய பாட்டனாரின் பெருமையைப் பேசுகிறோம். சங்கொலிக்கு முன்னெழுந்து உலை வைத்து, அவர் இருமிப் படுத்தபோது குடும்பத்தைத் தாங்கிய பாட்டியார் எந்த ஊரினர்? அவர் பெற்றோர் யாவர்? நம்முள் எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்?

காணாத பெண்ணுக்காகக் கண்ணீர் சிந்தினார் கவிஞர். நாமோ நம்மை மடியில் வளர்த்தவரையே எழுதாது விட்டோம். பிள்ளைகள் பெங்களூருக்கும் அதற்கப்பாலும் பெயர்ந்து செல்லும் இக்காலத்தில், இல்லந்தோறும் அப்பெயர்களை எழுதி வைப்போமாக. சமத்துவம் நம் வீட்டு ஏட்டிலிருந்து தொடங்கட்டும்.