வினிகர் வெங்காயம்: குடலுக்கு மருந்தா, வெறும் தொட்டுக்கையா?

செம்பூரில் ஏதாவது ஒரு வட இந்திய ஹோட்டலில் உட்காருங்கள். ரொட்டி வருவதற்கு முன்பே ரோஸ் நிறத்தில் ஒரு கிண்ணம் மேசைக்கு வந்துவிடும். இந்தியில் 'சிர்க்கேவாலா பியாஸ்', நமக்கு வினிகர் வெங்காயம். "குடலுக்கு நல்ல பாக்டீரியா கிடைக்கும்"னு சொல்லி இரண்டாவது கிண்ணம் கேட்பவர்களும் உண்டு. அது உண்மையா?

ரோஸ் நிறம் எப்படி வருகிறது?

வெங்காயத்தின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பு பட்டால் அது இன்னும் பளிச்சென்று ஆகும். பல ஹோட்டல்களில் ஒரு துண்டு பீட்ரூட்டும் சேர்ப்பார்கள். வெங்காயத்தின் நெடியை உண்டாக்கும் நொதியை வினிகரின் அமிலம் அடக்குவதால், காரமும் குறைகிறது.

சத்து எவ்வளவு?

100 கிராம் வெங்காயத்தில் சுமார் 40 கலோரி, 1.7 கிராம் நார்ச்சத்து, 7 மில்லிகிராம் வைட்டமின் சி. நாம் சாப்பிடுவது 30 கிராம் என்றால் 12 கலோரி, அரை கிராம் நார்ச்சத்து. வைட்டமின் சி நீரில் கரையும் என்பதால், கொஞ்சம் ஊறல் தண்ணீரோடு போய்விடும்.

புரோபயாடிக்கா?

இல்லை. உப்புநீரில் பல நாள் வைத்துப் புளிக்கவைத்தால்தான் பாக்டீரியா வளரும். வினிகர் ஊற்றி ஊறவைப்பது அப்படியல்ல. ஆனால் வெங்காயத்தில் உள்ள ஃப்ரக்டான், குடலில் ஏற்கெனவே இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி. அதே ஃப்ரக்டான் சிலருக்கு வயிறு உப்புசமும் தரும்.

எதில் கவனம்?

உப்பில். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். பிபி, நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அளவோடு நிறுத்துவது நல்லது.

வீட்டில் எப்படி?

மாட்டுங்கா மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் வாங்கி, உரித்து, கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். வினிகரும் தண்ணீரும் சம அளவு, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு பச்சை மிளகாய். ஃபிரிட்ஜில் ஒரு நாள் ஊறட்டும், ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். வினிகர் லேபிளையும் பாருங்கள்: அசிட்டிக் அமிலத்தில் செய்தது என்றால் 'சிந்தெடிக்' என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

தால்-ரொட்டி, கெபாப், சாண்ட்விச் எல்லாவற்றுக்கும் பொருந்தும். தயிர்சாதத்துக்கும் தொட்டுக்கொள்ளலாம்.

அந்த இரண்டாவது கிண்ணம்? ருசிக்காகக் கேளுங்க. மருந்துன்னு நினைச்சு வேண்டாம்.