பரங்கிமலைப் படைமுகாம் (1780–1781)

பரங்கிமலைப் படைமுகாம் என்பது இரண்டாம் ஆங்கிலேய–மைசூர்ப் போரின் தொடக்கத்தில், சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை அடிவாரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த தற்காலிகப் படைதிரட்டும் முகாம். முதல் முகாம் 1780 ஆகஸ்ட் 26 அன்று கலைந்தது. அங்கிருந்து புறப்பட்ட படையும், அதனுடன் சேர வடக்கிலிருந்து வந்த படையும் கடைசிவரை ஒன்று சேரவில்லை. எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலையாற்றின் வெள்ளம் அதற்கு ஒரு காரணம். படை கூடுவதற்குக் கம்பெனி தேர்ந்தெடுத்த இடம் அதைவிடப் பெரிய காரணம்.

பின்னணி

1769இல் மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலி பரங்கிமலை வரை வந்து, சென்னை அரசைத் தம்முடன் உடன்படிக்கை செய்துகொள்ள வைத்தார். ஒரு தரப்பு தாக்கப்பட்டால் மறு தரப்பு துணைநிற்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பின்னர் மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது கம்பெனி உதவிக்கு வரவில்லை. ஹைதருக்குப் போர்த்தளவாடங்கள் வந்திறங்கிய மாஹே துறைமுகத்தை 1779இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். இவற்றால் பகை முற்றி, 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதியில் இறங்கியது. ஆகஸ்டில் அவருடைய குதிரைப்படை சென்னையின் சுற்றுப்புறம் வரை சூறையாடியது. ஊர்கள் எரிந்தன, குடியானவர்கள் வீடு வாசலை விட்டுச் சென்னைக் கோட்டைப் பக்கம் ஓடிவந்தனர்.

இடம் குறித்த கருத்து வேறுபாடு

அப்போது கம்பெனிப் படை ஒரே இடத்தில் இல்லை. ஒரு பகுதி சென்னையிலும், கர்னல் வில்லியம் பெய்லியின் கீழ் ஒரு பகுதி குண்டூர்ப் பக்கத்திலும், மற்றவை பல கோட்டைகளிலும் சிதறிக் கிடந்தன. எங்கே கூடுவது என்பதில் தலைவர்கள் உடன்படவில்லை. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் தலைவரான மெக்லியோட் பிரபு, கோட்டையின் பாதுகாப்பும் சரக்கும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் பரங்கிமலையிலேயே எல்லாரும் கூட வேண்டும் என்றார். தலைமைத் தளபதி சர் ஹெக்டர் மன்றோ, ஆற்காட்டுக்குப் போகும் வழியிலுள்ள காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்தார். அவர் சொல்லே நின்றது. எதிரியின் குதிரைப்படை சுற்றித் திரியும் நாட்டுக்குள் இரண்டு படைகள் தனித்தனியே நடந்துபோய்ச் சேர வேண்டிய நிலை இதனால் உண்டானது.

முகாமும் புறப்பாடும்

பரங்கிமலையில் ஏறத்தாழ 5,200 பேர் திரண்டனர். ஐரோப்பியப் படைவீரர்கள் சிறுபான்மையினரே. பெரும்பாலோர் தென்னாட்டுச் சிப்பாய்கள். பீரங்கி இழுக்கவும் மூட்டை சுமக்கவும் மாடுகள் போதவில்லை. அரிசியும் சில நாட்களுக்கே இருந்தது. மேற்கொண்டு வேண்டிய தானியத்தை ஆற்காட்டு நவாப் முகமது அலியின் ஆட்கள் காஞ்சிபுரத்தில் தருவார்கள் என்று நம்பி, ஆகஸ்ட் 26 அன்று மன்றோ கூடாரங்களைக் கிளப்பினார். 29 அன்று காஞ்சிபுரம் சேர்ந்தபோது எதிர்பார்த்த தானியம் அங்கில்லை. இதற்குள், ஆற்காட்டை முற்றுகையிட்டிருந்த ஹைதர் அம்முற்றுகையை விலக்கிக்கொண்டு காஞ்சிபுரத்தை நோக்கித் திரும்பியிருந்தார்.

கொசஸ்தலையாற்று வெள்ளம்

பெய்லி ஏறத்தாழ 2,800 பேருடன் வடக்கிலிருந்து வந்து, ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலையாற்றங்கரையை அடைந்தார். கொற்றலையாறு என்றும் வழங்கும் இவ்வாறு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் வழியே ஓடி எண்ணூர்க் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. அன்று ஆற்றில் தண்ணீர் மிகக் குறைவு, நடந்தே கடந்திருக்கலாம். பெய்லி வடகரையில் கூடாரம் அடித்தார். அன்றிரவே வெள்ளம் வந்தது. செப்டம்பர் தொடக்கம் வரை படை அக்கரையிலேயே முடங்கியது. மேற்கே பெய்யும் மழைக்குத் திடீரெனப் பெருகுவது இவ்வாற்றின் இயல்பு. கரையோர ஊர்க்காரர்கள் அறிந்த அந்த இயல்பைப் படைத்தலைவர் கணக்கில் கொள்ளவில்லை.

புள்ளலூர்

ஆற்றைக் கடந்த பெய்லியைச் செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கம் அருகே ஹைதரின் மகன் திப்பு சுல்தான் மறித்தார். மன்றோ தம் முழுப்படையுடன் போகாமல், கர்னல் பிளெச்சர் தலைமையில் ஏறத்தாழ 1,000 பேரை மட்டும் துணைக்கு அனுப்பினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியை எல்லாப் பக்கமும் வளைத்தனர். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லியின் படை அழிந்தது. பிளெச்சர் இறந்தார், ஏறத்தாழ 200 ஐரோப்பியர் சிறைப்பட்டனர். பெய்லி 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டினச் சிறையில் இறந்தார். மன்றோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துப் பெருங்குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கி, செப்டம்பர் 14 அன்று அடையாற்றின் மர்மலாங் பாலத்தருகே வந்து சேர்ந்தார்.

இரண்டாம் முகாம்

1780 நவம்பர் 5 அன்று கம்பெனித் தளபதி சர் அயர் கூட் வங்காளத்திலிருந்து துருப்புகளுடனும் 15 லட்சம் ரூபாயுடனும் சென்னைக்கு வந்தார். அதற்குள் ஆற்காடு ஹைதர் வசமாகியிருந்தது. மீண்டும் பரங்கிமலையில் படை திரண்டது. இம்முறை மாடும் அரிசியும் சேர்க்க இரண்டு மாதத்துக்கு மேல் செலவிட்டு, 1781 ஜனவரி 17 அன்றுதான் கூட் புறப்பட்டார். கப்பலில் அரிசி வந்து சேர வசதியாகப் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே நகர்ந்தார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டைப் போரில் வென்றார்.

அதன்பின் வங்காளத்திலிருந்து தரைவழியாகக் கர்னல் பியர்ஸ் கொண்டுவந்த படை தெற்கு நோக்கி இறங்கியது. பெய்லிக்கு நேர்ந்தது பியர்ஸுக்கும் நேரலாம் என்பதால், கூட் தம் முழுப்படையுடன் சென்னையைத் தாண்டி வடக்கே போனார். ஆகஸ்ட் தொடக்கத்தில் எண்ணூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் இரு படைகளும் சேர்ந்தன. அம்மாதம் 27 அன்று அதே புள்ளலூரில் இரண்டாம் போர் நடந்தது. முடிவு தெளிவில்லாமல் போனது. 1784 மார்ச்சில் ஏற்பட்ட மங்களூர் உடன்படிக்கை போரை முடித்துவைத்தது.

மதிப்பீடு

1780 பேரழிவுக்கு ஆற்று வெள்ளத்தை மட்டும் பழிசொல்வது சரியாகாது. மெக்லியோட் சொன்ன யோசனைப்படி எல்லாரும் பரங்கிமலையில் கூடியிருந்தால், தாமதம் நேர்ந்தாலும் மன்றோவின் படை சரக்கில்லாத ஊரில் சிக்கியிருக்காது. வடக்கே போய்ப் பெய்லியை அழைத்துவரவும் வழி இருந்திருக்கும். ஓராண்டு கழித்துக் கூட் பியர்ஸுக்குச் செய்தது அதுதான்.

புள்ளலூரில் இரண்டாம் போரில் இறந்த ஆங்கில அதிகாரிகள் இருவருக்கு நினைவுத்தூண்கள் உள்ளன. ஸ்ரீரங்கப்பட்டினத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் முதல் போரின் வெற்றி ஓவியமாக நிற்கிறது. இரு தரப்பிலும் மிகுதியாக மடிந்தவர்கள் இந்நாட்டுச் சிப்பாய்கள். அவர்கள் பெயரை நினைவுத்தூண்களும் சொல்லவில்லை, ஓவியமும் சொல்லவில்லை. தமிழக வரலாற்றில் இப்போரை எழுதுவோர் அவர்களிலிருந்து தொடங்க வேண்டும்.