காட்டரிசி

வட அமெரிக்காவின் ஆழமில்லாத ஏரிகளிலும் மெல்ல ஓடும் ஆறுகளிலும் விளையும் ஓராண்டுப் புல் காட்டரிசி. தாவரவியல் பெயர் சிசேனியா பலுஸ்ட்ரிஸ். நெல்லுக்கு நெருங்கிய உறவு என்றாலும் பேரினம் வேறு. நம் வயல்களில் களையாக முளைக்கும் காட்டு நெல் அல்ல இது. பேரேரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே பழங்குடியினருக்கு இது ‘மனோமின்’.

ஆண்டுதோறும் விதையிலிருந்தே புதிதாக எழ வேண்டிய பயிர் இது. செப்டம்பரில் உதிரும் மணி சேற்றில் புதைந்து, சில்லிட்ட நீரில் மூன்று மாதமாவது கிடந்தால்தான் முளைக்கும். அரை அடி முதல் மூன்று அடி வரை தண்ணீர் நிற்கும் இடமே இதற்கு ஏற்றது. ஜூன் மாதத்தில் இலைகள் நாடாக்களைப் போல நீரின் மேல் மிதக்கும். அப்போது வேர்ப்பிடிப்பு குறைவு. அணை திறப்பாலோ பெருமழையாலோ நீர்மட்டம் சட்டென உயர்ந்தால் செடி வேரோடு பெயர்ந்துவிடும். தப்பிய செடிகள் நீருக்கு மேல் நிமிர்ந்து, கோடையின் நடுவில் பூக்கும். கதிரின் மேற்பகுதியில் பெண்பூக்கள், கீழ்ப்பகுதியில் ஆண்பூக்கள். மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பது காற்று.

மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களும் கனடாவின் ஒன்டாரியோ, மானிடோபா மாகாணங்களும் இதன் தாயகம். இதன் சீன உறவான சிசேனியா லாட்டிஃபோலியா பல்லாண்டுப் பயிர். பூஞ்சை தாக்கிப் பருத்த அதன் தண்டு அங்கே காய்கறியாகிறது.

அறுவடைக்கு அரிவாள் இல்லை. ஒருவர் கழியூன்றித் தோணியைச் செலுத்த, மற்றவர் ஒரு குச்சியால் கதிரை வளைத்து, மறு குச்சியால் மெல்லத் தட்டுவார். ஒரே கதிரில் மணிகள் ஒரே நாளில் முற்றுவதில்லை. முற்றியவை மட்டும் தோணியில் விழும். தண்ணீரில் சிதறுபவை அடுத்த ஆண்டுக்கான விதை. பிறகு காயவைத்து, இரும்புச் சட்டியில் வறுத்து, காலால் மிதித்து உமி நீக்கி, பூர்ச்ச மரப்பட்டைத் தட்டுகளில் புடைப்பார்கள்.

மணி நீளமானது, கருமை கலந்த பழுப்பு நிறம், கொட்டையின் மணம். வேக முக்கால் மணி நேரம்கூட ஆகும். வெந்தால் மூன்று நான்கு மடங்கு பெருகும். பச்சரிசியின் இருமடங்கு அளவுக்குப் புரதம் உண்டு, குளூட்டன் கிடையாது. சூப்பிலும் வாத்திறைச்சியோடும் சமைப்பது வழக்கம்.

1950-களிலிருந்து மினசோட்டாவிலும் பின்னர் கலிஃபோர்னியாவிலும் பாத்தி கட்டிப் பயிரிடுகிறார்கள். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்த வகையே. ஏரிப் பயிருக்கோ தூய நீர் வேண்டும். நீரில் கலக்கும் சல்பேட் சேற்றில் சல்பைடாக மாறி அதைப் பாதிக்கிறது. இதனால்தான் காட்டரிசி விளையும் நீர்நிலைகளில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்பேட் இருக்கக்கூடாது என்று மினசோட்டா மாநிலம் 1973-இல் விதி வகுத்தது.