ஏ-9 வீதியில் நிற்கும் லொறி: காத்திருப்புக்கு யார் கூலி கொடுப்பது?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மரக்கறி ஏற்றிய லொறி இந்தத் தூரத்தைப் பெரும்பாலும் இரவில்தான் கடக்கிறது. மாலையில் ஏற்றி, விடியுமுன் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தையோ பேலியகொடை மெனிங் சந்தையையோ பிடித்துவிட வேண்டும். விடிந்தபின் போய்ச் சேரும் மூட்டைக்கு அதே விலை கிடைக்காது. மீன், இறால் என்றால் ஐஸ் கரையும் கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

தூரப் பயணம் போகும் சாரதிகளில் பலருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. ஒரு ஹயருக்கு இவ்வளவு என்ற கூலியும் சாப்பாட்டுக் காசும்தான். லொறி ஓடினால் காசு. மாங்குளத்தில் ஆறு மணித்தியாலம் பழுதாகி நின்றால் அது யாருடைய கணக்கிலும் வராது. உடன் செல்லும் கிளீனரின் நிலை இதைவிட மோசம்.

இந்த வீதியில் காத்திருப்பது புதிய விடயமல்ல. 2002 இல் போர்நிறுத்தத்துடன் பாதை திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைக்காக நின்ற லொறி வரிசைகளைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு தரப்புச் சோதனை, இறக்கி ஏற்றும் கூலி, புலிகளின் வரி எல்லாம் கடந்துதான் ஒரு மூட்டை சீனி யாழ்ப்பாணம் வந்தது. 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டபின் குடாநாடு கப்பலை நம்பியிருந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடி அகற்றப்பட்டது 2015 இல்தான். சாவடி போய்விட்டது. காத்திருப்பு மட்டும் வேறு இடங்களுக்கு மாறியிருக்கிறது.

முதலாவது இடம், வீதியோரம். பின்பக்க இரட்டைச் சில்லுகளில் உள்ளே இருக்கும் ரயரில் காற்றுக் குறைந்தால் வெளியிலிருந்து தெரியாது. பாரம் முழுவதும் வெளி ரயரில் ஏறி, சூடாகி வெடிக்கும். பழைய ரயருக்குப் புதுத் தோல் ஒட்டிய ரீபில்ட் ரயர் என்றால் தோல் உரிந்து பறக்கும். அனுபவமுள்ள சாரதி தேநீருக்கு நிறுத்தும்போதெல்லாம் ரயரில் தட்டிப் பார்ப்பது இதனால்தான். காற்று பிறேக் உள்ள பெரிய லொறியில் குழாய் ஒன்று கசிந்தால் பிறேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு லொறி நகராது. டீசல் அடிமட்டத்துக்கு இறங்கி குழாயில் காற்றுப் புகுந்தால், பம்பைக் கையால் அடித்துக் காற்றை வெளியேற்றினால்தான் எஞ்சின் எழும்பும்.

இதில் பெரும்பாலானதைச் சாரதியே செய்துகொள்கிறார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் சொட்டு விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. அந்தக் கைவேலை இன்னும் எங்கள் கராஜ்களில் உயிரோடு இருக்கிறது. நின்ற லொறிக்குப் பின்னால் மரக்கிளை முறித்துப் போட்டு எச்சரிப்பது நாடு முழுவதும் உள்ள வழக்கம். போர் முடிந்த புதிதில் முகமாலைப் பக்கம் அந்தக் கிளையை முறிக்கவும் யோசிக்க வேண்டியிருந்தது; தாருக்கு அப்பால் மிதிவெடி அடையாளப் பலகைகள் நின்றன.

உதிரிப்பாகம் வேறு கதை. 2020 மார்ச்சில் தொடங்கிய வாகன இறக்குமதிக் கட்டுப்பாடு 2025 வரை நீடித்தது. பழைய லொறிகளே மேலும் ஐந்து வருடம் உழைத்தன. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது பாகங்களின் விலையும் ஏறியது. 2021 இறுதியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் அடுத்த ஜூனில் 460 ரூபாவானது.

இரண்டாவது இடம், தொலைபேசி. பெரிய கம்பனிகளைத் தவிர்த்தால், லோட் கொடுப்பது பெரும்பாலும் ஒரு தரகர்தான். காலையில் வரச் சொல்வார், சாமான் மாலையில்தான் வரும். கொழும்பில் இறக்குவதற்கு நாட்டாமைமாரின் முறை வரவேண்டும். நகருக்குள் லொறி நுழையும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. இறக்கியபின் திரும்பு லோட் கிடைக்கும்வரை லொறியின் கீழேயோ இருக்கையிலோ படுக்கை. வெறும் லொறியாகத் திரும்பினால் டீசல் காசு கையைக் கடிக்கும். லோட் பிந்தியதற்குத் தரகர் பொறுப்பேற்பதில்லை. சந்தைக்குப் பிந்தியதற்கு மட்டும் சாரதி பதில் சொல்ல வேண்டும். என் பார்வையில் ரயர் வெடிப்பதைவிட அதிகம் களைக்கவைப்பது இதுதான். முதல் நாள் பகல் முழுவதும் காத்திருந்தவர்தான் இரவு முழுவதும் ஓட்டுகிறார். இந்த வீதி விபத்துச் செய்திகளில் வரும் ‘நித்திரைத் தூக்கம்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருக்கும் அந்தப் பகலை யாரும் எழுதுவதில்லை.

சொந்த லொறிக்காரரின் நிலை இன்னொரு விதம். வன்னியில் இருந்த பலர் தங்கள் வாகனங்களை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்தவர்கள். அடுத்த லொறி, 2009 இன் பின் வடக்கில் கிளை திறந்த லீசிங் கம்பனிகள் மூலம் வந்தது. லொறி கராஜில் கிடந்தாலும் தவணைத் திகதி தள்ளிப்போகாது. சில தவணை தவறினால் சீஸ் பண்ண ஆட்கள் வருவார்கள்.

கூலிக்கு ஓடுபவர்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. மாதச் சம்பளம் இல்லை என்பதால் உரிமை இல்லை என்றாகாது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியருக்கும் வேலையளவுக்குக் கூலி பெறுபவருக்கும் பொருந்தும்: முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். வேலையின்போது காயப்பட்டால் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்குத் தனிச் சம்பளச் சபையும் உண்டு. முறைப்பாட்டைத் தொழில் திணைக்கள அலுவலகத்தில் தமிழிலேயே கொடுக்கலாம்.

அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, இவரிடம்தான் வேலை செய்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்பது. ஹயர் திகதி, லொறி இலக்கம், ஏற்றிய இடம், காத்திருந்த நேரம், வாங்கிய காசு ஆகியவற்றை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்திருப்பவருக்கு அந்தக் கேள்விக்குக் காட்ட ஏதாவது இருக்கும். தரகரின் வட்ஸ்அப் குரல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.